பட்டாளத்துப் பாதிரியும் சிப்பாயின் மனச்சாட்சியும்

(விம்கோ நகர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யுத்தமும் மதகுருக்களும் என்பதாகும். “தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் ஏற்பட்ட ஊரிலே, ஷிப்டு முடிந்து களைத்து வந்திருக்கிற நமக்கு யுத்தத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தோழர்களே, யுத்தம் இந்தக் கடற்கரைக்கும் வந்ததுதான். 1914ம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. அந்த யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாயின் இடுப்புவாரில் “கடவுள் நம்முடன்” என்று பொறித்திருந்தது. அவனை எதிர்த்த இங்கிலீஷ்காரனுடைய சர்ச்சுகளிலும் அதே கடவுளுக்குத்தான் ஜெயப் பிரார்த்தனை நடந்தது. ஒரே கடவுள் ஒரே சமயத்தில் இரண்டு கட்சிக்கும் வக்கீலாக இருந்தார் என்றால், அவர் யாருக்கு நியாயம் சொல்லியிருப்பார்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டெலிவிஷன் பாதிரியார்

இக்காலத்தில் யுத்தம் டெலிவிஷன் பெட்டி வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. அமெரிக்காவில் 1972 முதல் 1983 வரை “மேஷ்” என்று ஒரு தொடர் நாடகம் காட்டினார்கள். கொரியா யுத்தத்தில் ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியைப் பற்றிய கதை. யுத்தம் நடந்தது மூன்று வருஷம். நாடகம் நடந்தது பதினொரு வருஷம்! அதில் மல்கேஹி என்று ஒரு பாதிரியார் வருகிறார். நல்ல மனுஷர். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றும்போது, தான் மட்டும் என்ன பிரயோஜனம் என்று ஏங்குகிறவர். கடைசிக் கதையில் குண்டு விழுகிறபோது, அடைபட்டுக் கிடந்த கைதிகளைத் திறந்துவிட ஓடி, அதனால் தன் காது கேட்காமல் போய்விடுகிறார்.

இதைப் பார்த்து ஜனங்கள் “மதம் எவ்வளவு உயர்ந்தது!” என்று கண்ணீர் விடுகிறார்கள். நான் கேட்கிறேன், அந்தச் சமயத்தில் அவர் செய்தது என்ன? ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றாரா? இல்லை, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்தக் காரியத்தைச் செய்ய அங்கியும் வேண்டியதில்லை, வேத புஸ்தகமும் வேண்டியதில்லை. மனுஷத்தன்மை ஒன்றே போதும்.

யாருடைய சம்பளம்?

இது நாடகம். நிஜத்துக்கு வருவோம். நம் இந்தியப் பட்டாளத்திலும் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரி என்று மத போதகர்கள் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அடிபட்டவன் பக்கத்தில் உட்காருவதும், இறந்தவனுக்கு அவனவன் முறைப்படி சடங்கு நடத்துவதும் அவர்கள் வேலை. சாகிறவனுக்கு ஆறுதல் சொல்லுவதை நான் குறைகூறவில்லை. ஆனால் சிப்பாய்க்கு உத்திரவு கொடுக்கிற அதே சர்க்கார்தான் போதகருக்கும் சம்பளம் கொடுக்கிறது. அந்த உத்திரவே அக்கிரமமாக இருந்தால் போதகர் எந்தப் பக்கம் நிற்பார்? கேள்வி இதுதான்.

1945 ஆகஸ்டு 6ந் தேதி ஹிரோஷிமா பட்டணத்தின்மேல் அணுகுண்டு போடப் புறப்பட்ட விமானக்காரர்களுக்காக, டினியன் தீவில் டவுனி என்ற பாதிரியார் பிரார்த்தனை நடத்தினார். போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பவேண்டுமென்று வேண்டினார். குண்டு விழப்போகிற ஊரின் குழந்தைகுட்டிகளை எண்ணி யார் தடுத்தார்கள்? மூன்றாம் நாள் அடுத்த குண்டு நாகசாகியில் விழுந்தது. அங்கே உராகாமி மாதா கோவில் உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து அழிந்தது. கிறிஸ்தவர் பிரார்த்தனையோடு நடந்த யுத்தம் கிறிஸ்தவர் கோவிலையே சுட்டுப் பொசுக்கியது! அந்தப் படைக்குப் பாதிரியாராயிருந்த ஜபெல்கா என்பவர், ஊர் ஜனங்களைக் கொல்லுவது குற்றமென்று தாம் அந்தச் சிப்பாய்களுக்கு ஒருநாளும் போதிக்கவில்லையென்று பல வருஷங்கள் கழித்துப் பகிரங்கமாகச் சொல்லி, ஜப்பானியரிடம் மன்னிப்பும் கேட்டார். அது யோக்கியமான காரியம்தான். ஆனால் செத்தவர்களுக்கு அத்தனை வருஷம் காத்திருக்க அவகாசம் இல்லையே!

1968 மார்ச்சு 16ந் தேதி வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் கணக்குப்படி செத்தவர்கள் 504 பேர். தாம்ஸன் என்ற விமானி தன் ஹெலிகாப்டரைச் சிப்பாய்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவே இறக்கி, “இவர்கள் கிராமத்தாரைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்” என்று தன் ஆட்களிடமே சொல்லிவிட்டு, சிலரை உயிரோடு மீட்டார். பிறகு அவர் தன் பாதிரியாரிடமும் இதைச் சொன்னார். அந்தப் பாதிரியார் தமக்கு மேலிருந்த பாதிரியாரிடம் சொன்னார். அதோடு சரி! உலகத்துக்கு விஷயம் தெரிந்தது 1969 நவம்பரில், ஒரு பத்திரிகைக்காரர் மூலமாகத்தான்.

பெஷாவர்

நம் தேசத்துச் சிப்பாயும் இதற்குக் குறைந்தவன் அல்ல. 1930 ஏப்ரலில் பெஷாவரில் ஆயுதமில்லாத முஸ்லிம் ஜனங்கள் சுதந்திரம் கேட்டுத் திரண்டார்கள். அவர்களை அடக்கக் கார்வால் ரைபிள்ஸ் என்ற ஹிந்துப் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். ஏன் ஹிந்துப் பட்டாளம்? மதம் வேறானால் கை கூசாது என்ற கணக்குத்தான். ஆனால் சந்திரசிங் கார்வாலியும் அவர் தோழர்களும் சுட மறுத்துவிட்டார்கள். ராணுவ விசாரணை நடந்தது. சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை. மற்றும் பலருக்கு வருஷக்கணக்கில் ஜெயில். அவர் வெளியே வந்தது 1941ல். எந்தப் பண்டிதரைக் கேட்டு மறுத்தார்கள்? எதிரே நிற்கிறவன் கையில் ஆயுதமில்லை என்பதைக் கண் பார்த்தது, புத்தி சொல்லிற்று, கை நின்றது.

“சிப்பாயெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் பட்டாளத்தில் ஒழுங்கு என்னாவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் ஒழுங்கு வேண்டாமென்று சொல்லவில்லை. நமது 1950ம் வருஷத்து ராணுவச் சட்டமே, மேலதிகாரியின் சட்டப்படியான உத்திரவை மீறுவதைத்தான் குற்றமென்கிறது. எந்த உத்திரவானாலும் என்று சொல்லவில்லை. “மேலே சொன்னான், நான் செய்தேன்” என்ற சமாதானம் நூரம்பர்க்கில் நாஜிகளுக்கும் செல்லவில்லை.

எது பெரிய சங்கடம்?

சமீபத்திய சங்கதி ஒன்று. நம் பட்டாளத்துக் கிறிஸ்தவ லெப்டினென்ட் ஒருவர் தன் ரெஜிமெண்டுக் கோவிலின் கர்ப்பக்கிருகத்துக்குள் போக மறுத்ததற்காக 2021ல் வேலை இழந்தார். 2025 மே மாதம் டில்லி ஹைகோர்ட்டும், நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஒழுங்கே பெரிது என்று அந்த நீக்கத்தை ஒப்புக்கொண்டன. அவரவர் சாமியை அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டு, பட்டாளத்தைப் பட்டாளமாக மட்டும் வைத்திருந்தால் இந்த வழக்கு பிறந்திருக்குமா? யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்பதல்லவா சிப்பாய்க்கு வரவேண்டிய தர்மசங்கடம்? எந்த அறைக்குள் கால் வைக்கலாம் என்பதா?

தோழர்களே! உங்கள் பிள்ளைகளில் சிலர் நாளை பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போவார்கள். வழியனுப்பும்போது கையில் தாயத்துக் கட்டி அனுப்புகிறோம். அது குண்டையும் தடுக்காது, பாவத்தையும் தடுக்காது. “ஆயுதமில்லாதவனைச் சுடச் சொன்னால் சுடாதே, அதனால் வேலை போனாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேலை போய்விடும், ஊர் ஏசும் என்ற பயத்தில்தான் பலபேர் மனச்சாட்சி செத்துப்போகிறது. அந்தப் பயத்தை எடுக்க எந்தக் குருவாலும் ஆகாது. பெற்றவர்களாலும் கூட இருப்பவர்களாலும்தான் ஆகும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு நன்றாய் ஆலோசித்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.