நம் வீடு நம் வீடாக இருக்கட்டும்

(பெண்கள் கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இதற்கென்று படித்தவள் இல்லை. இதில் பணத்தை விட்டவள். அதனால்தான் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் என் மகளுக்கு நிக்காஹ். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் ஹாலை மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. துபாயில் யாருடைய ஃபிளாட்டையோ போனில் பார்த்து, அதே மாதிரி சுவருக்கு வால்பேப்பர், மேலே ஃபால்ஸ் சீலிங், தரை முழுக்க ஒட்டிய கார்பெட் என்று செய்தோம். கையில் இருந்தது போதவில்லை, வட்டிக்கு வாங்கினோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிக்காஹ் அன்று எல்லோரும் பாராட்டினார்கள். ஜூனில் மழை பிடித்தது. ஆகஸ்டுக்குள் பேப்பர் சுவரைவிட்டுத் தொங்கியது. பின்னால் பார்த்தால் கறுப்பாகப் பூசணம். என் மாமிக்கு ஏற்கெனவே இளைப்பு. அந்த மழையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்பதுதான். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம். தவணை மட்டும் இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது.

வீடு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பில்லை. உம்முல் முஃமினீன் ஆயிஷா நாயகி அவர்கள் வீட்டில் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆயிஷா நாயகி அந்தத் துணியைத் தூக்கி எறியவில்லை, வெட்டித் தலையணையாக ஆக்கினார்கள். புகாரியில் உள்ள இந்தச் செய்தியை உருவத்துக்கான சட்டமாக மட்டும்தான் நான் படித்திருந்தேன். ஒரு பொருளை வீணாக்காமல் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிய பெண்ணின் கையும் அதில் இருக்கிறது. என் தப்பு, யாரோ ஒருவருடைய வீட்டை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததுதான்.

வீட்டின் அழகு அந்த ஊரின் வெயில், மழை, பழக்கவழக்கத்தில் இருந்து வருகிறது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வர முடுக்கு என்று தனிச் சந்தே விட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோஷா முறைக்கு அது பொருத்தம். நம் மலையில் தோடர்களின் பழைய வீட்டைப் பாருங்கள். பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி மூங்கில், பிரம்பு, புல்லால் கட்டியது. வாசலில் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். குளிரும் மிருகமும் உள்ளே வராமல் இருக்க அந்தச் சின்ன வாசல். வெள்ளைக்காரன் ஊட்டியில் பங்களா கட்டியபோது கணப்பும், வெயிலைப் பிடிக்க வெளியே பிதுங்கிய கண்ணாடி ஜன்னலும் வைத்தான். எல்லோரும் குளிருக்குப் பதில் சொல்லித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் துபாய் வெயிலுக்குப் பதில் சொன்னேன்.

சரி, நமக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு வாரம் எதுவும் வாங்காமல் ஒரு நோட்டில் எழுதினேன். யார் எங்கே உட்காருகிறார்கள், வெயில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு விழுகிறது, எந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது என்று. பார்த்தால், அந்த ஹாலில் யாருமே உட்காருவதில்லை. மாமி, பிள்ளைகள், வருகிற போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுப்படியில்தான். அங்கே ஜன்னலோரம் ஒரு பெஞ்ச் போட்டேன். அவ்வளவுதான் செலவு.

இரண்டாவது, எந்த வீட்டில் எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது என்று யோசித்தேன். என் நன்னி வீடு. அங்கே பத்தமடைக் கோரைப்பாய், ஒரு மரப்பெட்டி, சுண்ணாம்பு அடித்த சுவர், ஓரத்தில் முஸல்லா. இடம் காலியாக இருந்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு வேறு வீடு நினைவுக்கு வரலாம். கலர் நிறைந்த வீடாகவும் இருக்கலாம். அதுதான் உங்கள் ரசனை. அதைக் கடையில் தேட வேண்டாம்.

மூன்றாவது, நிறத்தைக் குறைத்தேன். தோடர் பெண்களின் பூவேலையில் வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்று நிறம் ஒரு வீட்டுக்குத் தாராளம். மூடுபனி நாளில் வெளிச்சம் குறைவு. அதனால் சுவருக்கு வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ வைத்தால் அறை கதகதப்பாகத் தெரியும். பல்பும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும்.

இந்த ஊருக்கென்று இன்னும் சில. பெயின்ட்டுக்கு முன் ஒழுகலை அடையுங்கள். வேலையை ஜனவரியில் இருந்து ஏப்ரலுக்குள் முடியுங்கள். பீரோவை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். கார்பெட்டுக்குப் பதில் பவானி ஜமக்காளம் போட்டால் வெயில் வந்ததும் எடுத்து உலர்த்தலாம். பங்களா கணப்பு மாதிரி இருக்கட்டும் என்று கரியடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தயவுசெய்து தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஒரு மூலையைத் தொழுகைக்கு என்று ஒதுக்குங்கள். மேற்கே கொஞ்சம் வடக்காக கிப்லா, எதிரில் எதுவும் இல்லாத சுவர், ஒரு விரிப்பு, குர்ஆன் வைக்க ஒரு பலகை. எங்கள் வீட்டில் இப்போது மகனே வாங்கு சொன்னதும் தானாக அங்கே போய் நிற்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு வீட்டை மாற்றக் கடன் வாங்காதீர்கள், வட்டிக்கு வேண்டவே வேண்டாம். திரை, நாற்காலி, ஜமக்காளம் வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வோம். என்னிடம் இரண்டு ஜோடித் திரை இருக்கிறது, கேட்டால் தருகிறேன். உங்கள் வீட்டில் உபயோகப்படாத நல்ல சாமான் இருந்தால் அறக்கட்டளையில் சொல்லுங்கள், புதிதாகக் குடித்தனம் வைக்கிற பிள்ளைகளுக்குப் போகட்டும்.

பெருமானார் படுத்த விரிப்பு, பேரீச்ச நார் அடைத்த தோல். அந்த வீட்டின் பரக்கத்தை அல்லாஹ் நம் வீடுகளுக்கும் தருவானாக, ஆமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.