வண்டிக்கேற்ற எஞ்சின்



திருப்பதியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், புளியமரத்தடியில், பதினோரு ஆண்டுகளாக ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. 1968-ஆம் ஆண்டு அம்பாஸடர். மார்க் டூ வகை. என் தந்தையார் அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். 1974-இல் திருமலைக்கு இரண்டாவது மலைச்சாலை திறக்கப்படும்வரை, ஏறுவதும் இறங்குவதும் 1944-இல் அமைந்த முதற் சாலையிலேதான். அதன் வளைவுகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வார். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினார் என்பது எங்கள் நல்வினை. இரவில் வண்டி தெருமுனை திரும்பும்போது, இரண்டாவது கியருக்கு மாறும் ஓசையைக் கேட்டு அம்மா இலையைப் போடுவாள்.

அவர் மறைந்தபின் வண்டி நின்றுவிட்டது. சென்ற ஆண்டு அம்மா ஒன்று கேட்டாள்: "அந்த வண்டியிலே ஒருமுறை காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்." அவளுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மறுக்கவும் முடியாது; நாளைக் கடத்தவும் முடியாது.

மேஸ்திரி வந்து எஞ்சினைத் திறந்து பார்த்தார். சிலிண்டருக்குள் நீர் இறங்கிப் பிஸ்டன்கள் துருவோடு ஒட்டியிருந்தன. இனி எந்த எஞ்சினைச் சமைத்து இவ்வண்டியில் வைப்பது என்பதே வினா.

என் அக்காள் மகன் பொறியியல் மாணவன். "மாமா, இதை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஐசுஸு எஞ்சின் வைத்தால் வண்டி பறக்கும்" என்றான். அவன் அமெரிக்க மசில் கார்களின் பக்தன். நடுத்தர உடலுக்குள் மிகப் பெரிய எஞ்சினைத் திணித்துச் செய்த வண்டிகள் அவை. 1964-இல் வெளிவந்த பான்டியாக் ஜிடிஓ அவற்றுள் புகழ்பெற்றது. அதன் எஞ்சின் ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவும், 325 குதிரைத்திறனும் உடையது. எங்கள் அம்பாஸடரின் எஞ்சினோ 1489 கன சென்டிமீட்டர். ஒன்றரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அந்த ஜிடிஓவுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. ஓடுவதற்குக் கொடுத்த வலிமையை நிற்பதற்குக் கொடுக்கவில்லை.

இதற்கு மாறான பாடம் நம் சென்னையிலேயே உண்டு. இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்த ரோவர் எஸ்டி-ஒன் என்னும் கார், மூன்றரை லிட்டர் வி-எட்டு எஞ்சினுக்காக வகுக்கப்பட்ட பெரிய கார். அதன் உடலை 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் சென்னையில் கட்டினார்கள். உள்ளே வைத்ததோ, 1940-களின் இறுதியில் தோன்றிய வான்கார்டு எஞ்சினின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். சுமார் 83 குதிரைத்திறன். தோற்றம் கண்டு வியந்தவர்கள் ஓட்டிப் பார்த்துச் சோர்ந்தார்கள். எண்ணெய்ச் செலவு கண்டு அஞ்சினார்கள். 1988-இல் அதன் உற்பத்தி நின்றது. அந்த எஞ்சின் கெட்ட எஞ்சின் அன்று. அதன் இனத்தவை டிராக்டரில் உழைத்து நற்பெயர் பெற்றவை. சேர்ந்த இடமே சேராத இடம். மொழிபெயர்ப்பு என் தொழில்; நல்ல சொல் பொருந்தாத வாக்கியத்தில் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஐசுஸுவுக்கு உரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அம்பாஸடருக்கு ஆலையே வைத்த எஞ்சின் அது: 1817 கன சென்டிமீட்டர், 75 குதிரைத்திறன், ஐந்து கியர்கள். நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓட்டுவோர்க்கு அதுவே தக்கது. ஆனால் அதை எங்கள் பழைய வண்டியில் வைப்பதென்றால் எஞ்சினோடு நில்லாது. கியர்ப்பெட்டி, கிளட்ச், ரேடியேட்டர், முன்சக்கர பிரேக் என ஒவ்வொன்றாக மாறும். இறுதியில் பெயர்ப்பலகை மட்டுமே தந்தையாருடையதாக மிஞ்சும்.

மேஸ்திரி தெலுங்கர், தமிழும் நன்கு பேசுவார். "ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும் சார், இறங்குவதற்கும் எஞ்சின்தான் வேண்டும்" என்றார். மலையிறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆகவே எஞ்சின், கியர், பிரேக் மூன்றும் ஒன்றையொன்று அறிந்தவையாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. எஞ்சின் எண் பதிவுச் சான்றில் பொறிக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. மேலும், 2021-இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய வழி செய்துள்ளன. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. அணிவகுப்பு, கண்காட்சி முதலியவற்றுக்கே உரியது. எனினும் உடலோ, அடிச்சட்டமோ, எஞ்சினோ மாற்றப்பட்டிருந்தால் அந்தக் கதவே அடைபட்டுவிடும். நான் இன்னும் அவ்வாறு பதியவில்லை. கதவை அடைக்கவும் விரும்பவில்லை.

எனவே பழைய எஞ்சினையே புதுப்பிப்பது என்று துணிந்தோம். சிலிண்டர்களை லேத் பட்டறையில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன்கள் இட்டோம். கிராங்க் தண்டை மெருகிட்டுப் புதிய பேரிங்குகள் வைத்தோம். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு மறைந்தது. பழைய வால்வுகளின் இருக்கைகளுக்கு அந்த ஈயமே காப்பாக இருந்தது. ஆகையால் கடின உலோக வளையங்களை அவ்விடங்களில் பொருத்தினோம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அதைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களை மாற்றினோம். ஹெட்டைச் சீவி அமுக்கத்தை உயர்த்தினால் வேகம் கூடும் என்று மருமகன் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சித்தூர்ச் சீமையின் கோடையை நினைத்து அதையும் விலக்கினோம். அவன் கோபிக்கவில்லை, கைகளில் கிரீசோடு எங்களுடனேயே இருந்தான்.

பதிவைப் புதுப்பித்தபின், ஒரு விடியற்காலையில் சந்திரகிரி வழியாகக் காணிப்பாக்கம் புறப்பட்டோம். லாரிகள்கூட எங்களை முந்திச் சென்றன. மருமகன் நாணித் தலைகுனிந்தான். மாலையில் வீடு திரும்பித் தெருமுனையில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, "இலை போடவேண்டுமே" என்றாள். பிறகு சிரித்தாள்.

நேயர்களே, டில்லியிலோ, மும்பையிலோ, பெங்களூரிலோ உங்கள் வீட்டிலும் இத்தகைய வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கக்கூடும். எந்த எஞ்சின் வலியது என்று முதலில் கேளாதீர்கள். எந்த வேலைக்கு, எந்தச் சாலையில், எந்தப் பிரேக்கை நம்பி என்று கேளுங்கள். அவற்றுக்கு விடை கிடைத்தால், எஞ்சின் எதுவென்று தானே விளங்கும்.