கடதாசியும் கணினியும்



செங்கலடி வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய உழவர் ஒருவரை அயலவர் பிரதேச வைத்தியசாலைக்குத் தூக்கி வருகின்றனர் எனக் கொள்வோம். அவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும்போது உடன் செல்வது ஒரு கடதாசி. கடியுண்ட நேரம், விடமுறி மருந்து ஏற்றிய நேரம், அதனால் ஒவ்வாமை தோன்றியதா, குழாயில் விட்ட குருதி 20 நிமிடத்தில் உறைந்ததா என்பன அதில் இருத்தல் வேண்டும். இக்குருதிச் சோதனை 6 மணிக்கொருமுறை மீளச் செய்யப்படுவது; முன்னைய விடை தெரிந்தாலன்றி நோய் தணிகிறதா என அறிதல் அரிது. கடதாசியோ நனையலாம், கையெழுத்து விளங்காது போகலாம்.

இரு வைத்தியசாலைகளின் கணினிகளும் இணைந்திருப்பின், நோயாளிக்கு முன்பே விவரம் போய்ச் சேரும். நம் நாட்டின் அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் கணினிப் பதிவு நடைமுறைக்கு வந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீடித்ததை மறத்தலாகாது. திரை இருண்டுவிட்டதென்று விடம் காத்திராது. ஆதலின் அச்சிட்ட படிவங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் என்றும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்; அவற்றில் எழுதிப் பின்னர் கணினியில் ஏற்றும் பயிற்சியும் தாதியர்க்கு வேண்டும். பதிவு செய்வதற்கெனத் தனியே ஒருவர் இருப்பின், வைத்தியரின் கண் திரையை விட்டு நோயாளியின் முகத்தில் நிலைக்கும்.