கோழிக்கூட்டில் புகும் கொடிய வைரசு



மன்னார்த் தீவில் பேசாலை, தலைமன்னார் ஆகிய ஊர்களிலும், அக்கரையில் வங்காலைப் பக்கத்திலும், கிடுகு வேலியிட்ட வளவுகளில் நாட்டுக்கோழிகள் மேய்ந்து திரியும். கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் கிடக்கும் காலத்தில், மீனவர் வீட்டுப் பெண்கள் பேட்டுக்கோழி ஒன்றையோ நாலைந்து முட்டைகளையோ விற்று அன்றைய செலவை ஈடுசெய்வர். இந்தச் சிறு சேமிப்பை ஒரு கிழமைக்குள் துடைத்துவிட வல்லது இராணிக்கேத் நோய்.

இதற்கு நியூகாசில் நோய் என்றும் பெயருண்டு. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்தும் இது வெளிப்பட்டது. இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத்தில் 1928ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டமையால், நம் பகுதிகளில் அவ்வூரின் பெயரே நிலைத்தது.

இந்நோய் ஓரூரில் கூட்டிலுள்ள கோழிகள் அனைத்தையும் மாய்க்கிறது. வேறோரூரில் சிறு இருமலோடு கடந்துவிடுகிறது. இதற்குக் காரணம் யாது? வைரசு ஒன்றே எனினும், அதன் திரிபுகள் பல. அவற்றை மிகக் கொடியவை, நடுத்தரமானவை, மென்மையானவை என மூவகையாக அறிஞர் வகுத்துள்ளனர். முளையமுள்ள முட்டையில் வைரசைச் செலுத்திப் பார்த்தால், கொடிய திரிபு 60 மணித்தியாலத்துக்குள் முளையத்தைக் கொல்லும். நடுத்தரமானது 60 முதல் 90 மணித்தியாலம் வரை எடுக்கும். மென்மையானதற்கு அதனினும் கூடிய நேரம் வேண்டும்.

இந்த வேறுபாட்டின் மருமம் மிகச் சிறிய ஓரிடத்தில் உள்ளது. வைரசின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதமே உயிரணுவின் கதவைத் திறக்கும் திறப்பு ஆகும். கோழியின் உடலிலுள்ள நொதியம் ஒன்று அப்புரதத்தை வெட்டினாலன்றி அத்திறப்பு வேலை செய்யாது. மென்மையான திரிபின் புரதத்தை வெட்டவல்ல நொதியங்கள் சுவாசப் பாதையிலும் குடலிலுமே உள்ளன. ஆகவே நோய் அவ்விடங்களோடு அடங்குகிறது. கொடிய திரிபின் புரதத்தையோ, உடலெங்கும் காணப்படும் நொதியமே வெட்டிவிடும். அதனால் அது மூளை வரை பரவுகிறது. பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுகுதல், கால் வழங்காமை ஆகிய குறிகள் தோன்றும். தடுப்பு மருந்து பெறாத மந்தையில் நூற்றுக்கு நூறும் மாண்டுபோதல் கூடும்.

மென்மையான திரிபு என்றும் மென்மையாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 1998ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிளம்பிய கொடிய நோய், அந்நாட்டிலேயே உலவிய தீங்கற்ற திரிபிலிருந்து உண்டானது. மேற்கூறிய வெட்டுமிடத்தில் மரபுக் குறிப்பின் இரண்டே எழுத்துகள் மாறியமை அதற்குப் போதுமாயிற்று.

இத்தகைய திரிபுகளையே மனிதன் தனக்குத் துணையாகவும் கொண்டான். மென்மையான திரிபுகளே குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்தாகின்றன. இந்தியாவின் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் கொடிய வைரசை முட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து, வீரியம் குறைந்த மருந்தொன்றை ஆக்கினர். ஆயினும் அது நடுத்தர வகையைச் சேர்ந்தது; வளர்ந்த கோழிக்குக் காவலாயினும் இளங்குஞ்சுக்குக் கேடாகும். ஆகவே எம்மருந்தை எவ்வயதில் இடுவது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மன்னாரின் வெப்பம் மற்றோர் இடையூறு. சாதாரண மருந்து குளிர் நீங்கினால் வலிமையிழக்கும்; பின்னர் அதை இடுவதும் வெறும் நீரை இடுவதும் ஒன்றே. இக்குறையை நீக்கும் பொருட்டு, வெப்பத்தை ஓரளவு தாங்கும் வி-4, ஐ-2 என்னும் திரிபுகளை அவுஸ்திரேலிய அறிஞர்கள் தெரிந்தெடுத்தனர். ஐ-2 மருந்தைக் கண்ணில் ஒரு துளியாக நான்கு மாதத்துக்கொரு முறை இடும் வழக்கம் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் சிற்றூர்களில் பரவியுள்ளது.

வாடைக் காற்றின் காலத்தில் வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் நீர்ப்பறவைகளைப் பழிக்கத் தோன்றும். காட்டு நீர்ப்பறவைகளிடம் பெரும்பாலும் காணப்படுபவை மென்மையான திரிபுகளே. கொடிய திரிபை ஊருக்கு ஊர் கொண்டுசெல்பவர் பெரும்பாலும் மனிதரே. நோய் கண்டதும் மிஞ்சிய கோழிகளை அவசரமாக மலிவு விலைக்கு விற்கிறோம். அக்கோழி சந்தை வழியே அயலூருக்குப் போகிறது. கூடையும், சாக்கும், செருப்பும் அதனோடு சேர்ந்து நோயைச் சுமக்கின்றன.

நோய் வந்தபின் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. எனவே புதிதாக வாங்கிய கோழியை இரு வாரமேனும் தனியே வைத்திருங்கள். இறந்தவற்றைக் கடலிலோ வாய்க்காலிலோ எறியாது ஆழப் புதையுங்கள். இவ்வைரசு மனிதருக்குப் பெரும்பாலும் சில நாட் கண்நோயையே தரும்; ஆனால் பறவைக் காய்ச்சலும் இதே குறிகளோடு தோன்றக்கூடும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இயலாது, ஆய்வுகூடமே அறியும். ஆகையால் பல கோழிகள் ஒருங்கே இறந்தால் வெறுங்கையால் தொடாது, மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

நோயுற்ற கோழியை விற்பதனால் நம் கைக்கு வருவது சில ரூபா. அதனால் அயலவள் இழப்பதோ அவளுடைய கூடு முழுவதும்.