நம் ஊர் உதயமும் நம் ஊர் ஓரையும்

(ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



ஓரை பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கிலே தவறியவனும் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1982-ஆம் ஆண்டு மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை, தோ பாயோ வீட்டில் என் அக்காவின் நிச்சயதார்த்தம். தமிழகத்திலிருந்து வந்த நாட்காட்டியில் 7 முதல் 8 வரை சுக்கிர ஓரை என்றிருந்தது. 7.30-க்குத் தட்டு மாற்றலாம் என்றேன். அம்மா தயங்கினார். "தம்பி, விடிஞ்சே கால் மணிதானே ஆச்சு? இன்னும் சூரிய ஓரையே முடியலையே" என்றார். "அச்சடிச்சிருக்கும்மா. படிக்கத் தெரியாட்டா சும்மா இருங்க" என்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில் சொல்லிவிட்டேன். அம்மா அதன்பின் வாய் திறக்கவில்லை.

ஓரைக் கணக்கு எளிது. உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகப் பகுக்க வேண்டும். இரவையும் அவ்வாறே. முதல் ஓரை அந்தக் கிழமைக்குரிய கிரகத்துடையது. பிறகு சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்ற வரிசை சுழன்று வரும். ஞாயிறு உதயத்திலிருந்து எண்ணினால் 25-ஆவது ஓரை சந்திரனுக்கு வரும். அதுவே திங்கட்கிழமையின் உதயம். ஆக, எல்லாவற்றுக்கும் தொடக்கம் உதயமே தவிர, கடிகாரம் அன்று.

பொதுவான ஓரை அட்டவணைகள் காலை 6 மணி உதயத்தைக் கொண்டு அமைந்தவை. சென்னைக்கு அது ஓரளவு பொருந்தும். நமக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 103 பாகை 51 கலையில். நம் கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ 65 நிமிடம் முந்துகிறது. 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதும் இதில் அடக்கம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி 7 நிமிடம். ஆகவே ஒரு பகல் ஓரை அறுபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். ஆனால் உதயம் நவம்பர் தொடக்கத்தில் சுமார் 6.46-க்கும், பிப்ரவரி நடுவில் சுமார் 7.16-க்கும் நிகழும். பிப்ரவரி ஞாயிறன்று சுக்கிர ஓரை தொடங்க 8.16 ஆகிவிடும். இராகு காலமும் அப்படித்தான். திங்களன்று 7.30 முதல் 9 வரை என்பது, அந்த நாட்களில் இங்கே சுமார் 8.45 முதல் 10.15 வரை.

பணி ஓய்வுக்குப் பிறகே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து இதைக் கணக்கிட்டேன். அம்மா சொன்னது அப்படியே சரியாக இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தார். "நீங்கள் சொன்னதுதான் சரி அம்மா" என்று சொல்ல அன்று அவர் இல்லை.

அக்கா இன்று பேரன் பேத்திகளுடன் நலமாக இருக்கிறார். ஆகவே ஓரை தவறியதே என்று எவரும் அஞ்ச வேண்டாம். மருத்துவமனைக்கு விரையவும், பசித்தவருக்கு அன்னமிடவும் ஓரை பார்க்கவே வேண்டாம். பார்ப்பதென்றால் நம் ஊர் உதயத்தைக் கொண்டு பாருங்கள். ஆலய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சிங்கப்பூரின் உதய நேரத்தை அச்சிட வேண்டும் என்பது நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள்.

வீட்டில் பெரியவர்கள் ஒன்று சொன்னால், மறுப்பதற்கு முன் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக.