பாட்டுத் தெரியாத வீட்டில் பாட்டு

(நம் குடியிருப்பின் விஜயதசமி விழாவில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.)



இன்றைக்கு நம் வீடுகளில் குழந்தைகளை உட்கார வைத்து அரிசியில் எழுத வைத்திருப்பீர்கள். சில வீடுகளில் பாட்டு கிளாஸ் ஆரம்பித்திருப்பீர்கள். என்னைப் பேசக் கூப்பிட்ட காரணம் எனக்குப் புரிகிறது. மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு ஒரு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். நான் படித்தது பி.காம். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க். எனக்குப் பாட்டுத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் பேத்தியை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மருமகனுக்கு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. மகளும் பேத்தியும் பாதி நாள் மலையில், பாதி நாள் இங்கே. பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கினால் குழந்தைக்கு வாந்தி. அங்கே ஒரு மொழி, இங்கே ஒரு மொழி. கடைசியில் மகள், "நானே சொல்லித் தர்றேம்ப்பா" என்று முடிவெடுத்தாள். கணக்கு, தமிழ், இங்கிலீஷ், சயின்ஸ் எல்லாம் சமாளித்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "பாட்டுக்கு என்னப்பா செய்ய? எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆன்லைன்ல படிக்கலாம்னா தோட்டத்துல சிக்னலே இல்ல" என்றாள். "உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா தெரியாமலா போயிடும்?" என்றேன். வங்கியில் புது மெஷின் வந்தபோதும் நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு கிடந்தது. சரளி வரிசைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஸ ரி க ம ப த நி, ஏழு ஸ்வரம். கீபோர்டில் வெள்ளைக் கட்டையும் வரிசையாக இருக்கிறது. ஆக, வெள்ளைக் கட்டையை வரிசையாக அழுத்தினால் சரளி வரிசை! ஒரு வாரம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சங்கராபரணம். சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் சொல்லித் தருவதுதான் வழக்கம், புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். அதற்கு ரி-யும் த-வும் கறுப்புக் கட்டையில் வரும். ஸ-வுக்கு அடுத்த கறுப்பு, ப-வுக்கு அடுத்த கறுப்பு. மற்ற ஐந்தும் வெள்ளை. இந்த ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஒரு வாரம் வீணாகாது.

அடுத்த தப்பு பெரியது. இரண்டு மாதம் நீடித்தது. சுருதிக்குப் போனில் தம்புரா வைத்தோம். ஒரு தடவை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலே ஓடுகிறது, தோட்டத்துக்கு அது வசதி. எத்தனை கட்டையில் வைப்பது? நான் எனக்குச் சௌகரியமான ஒரு கட்டையில் வைத்தேன். ஆண் குரலுக்கு அது வழக்கம்தான். நான் கீழே பாட, குழந்தை அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே பாடினாள். மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். நான் அதைச் சுருதி பிசகுவதாக நினைத்து, "தப்பு, தப்பு, மறுபடியும்" என்றேன். வவுச்சரில் ஒரு பைசா இடித்தாலும் விடாத பழக்கம் எனக்கு. அதையே எட்டு வயதுக் குழந்தையின் தொண்டையிடமும் காட்டினேன்.

ஒருநாள் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "எனக்குப் பாட்டு வராது தாத்தா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். மூன்று வாரம் வீட்டில் முணுமுணுப்புக் கூட இல்லை. முன்பெல்லாம் குளிக்கும்போது பாடுவாள், அதுவும் நின்றது.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது, ஆண்டு விழாக் கூட்டுப் பாட்டில் என்னை நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்றார்கள். ஐம்பது வருஷம் வாயை மட்டும்தான் அசைத்தேன். கோயிலில், கல்யாணத்தில், தேசிய கீதத்தில் கூட. அதையே பேத்திக்கும் கொடுத்துவிட்டேனே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுவாரம் தேனிக்குப் போய், பாட்டு சொல்லித் தரும் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்தேன். போனில் பதிந்து வைத்திருந்ததை அரை நிமிஷம் கேட்டார். "ஐயா, குழந்தை சரியாத்தான் பாடுது. நீங்க வச்ச கட்டைதான் தப்பு" என்றார். பெண் குரலுக்கு வழக்கமாக நாலரையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குள் வைப்பார்கள், குழந்தைக்கு ஐந்தில் ஆரம்பித்துப் பாருங்கள் என்றார். வைத்தோம். மேல் ஸட்ஜம் நின்று பேசியது. இப்போது என்னால்தான் பாட முடியவில்லை. கீழே போனால் உறுமல், மேலே போனால் கீச்சு. ஆகவே மகள் பாட வேண்டியதாயிற்று. அதுதான் நல்லதாகப் போயிற்று.

ஏனென்று சொல்கிறேன். ஜப்பானில் ஷினிச்சி சுசூகி என்று ஒருவர் இருந்தார். 1898-ல் பிறந்து 1998 வரை வாழ்ந்தவர். அப்பாவுக்கு வயலின் தொழிற்சாலை. ஆனால் பையன் வாசிக்கக் கற்றுக்கொண்டதில்லை. மிஷா எல்மன் என்ற வயலின் மேதையின் இசைத்தட்டைக் கேட்டபிறகுதான், பதினேழு வயதில் ஒரு வயலினை எடுத்து, கேட்டுக் கேட்டுத் தானாக வாசிக்க முயன்றார். முறையான குருவிடம் போனதெல்லாம் பிறகு. போருக்குப் பின் மத்சுமோத்தோ ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் கேட்ட கேள்வி சுலபமானது: ஜப்பானியக் குழந்தைகள் எல்லாம் ஜப்பானிய மொழி பேசுகிறார்களே, யார் இலக்கணம் நடத்தினார்கள்? தாய்மொழி வருகிற வழியிலேயே இசையும் வரும் என்றார். அவர் முறையில் ஒரு விதி உண்டு. குழந்தை கையில் வயலினைக் கொடுப்பதற்கு முன்னால், அம்மா ஒரு பாட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா வித்துவான் ஆவதற்கு அல்ல. அம்மா தடுமாறுவதைக் குழந்தை பார்க்க வேண்டும். பார்த்தால், "எனக்குக் கொடு" என்று தானே கேட்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். மகள் ஐந்து கட்டையில் உட்கார்ந்து தப்பும் தவறுமாக இரட்டை வரிசை பாடிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் பேத்தி கதவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, அங்க ரி இல்ல, க" என்றாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இதற்காக ஜப்பான் வரைக்கும் போக வேண்டாம். நம் போடியிலிருந்து மலையடிவாரமாகத் தெற்கே போனால், தேவாரம் தாண்டிப் பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். அவர் அம்மா சின்னத்தாய் எந்தக் கச்சேரி மேடையும் ஏறியவர் இல்லை. வேலை செய்யும்போது பாடும் பாட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது. அண்ணன் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக மேலே மலைத் தோட்டங்களில் தொழிலாளிகளிடம் பாடியது அவர்தான். தம்பி பதினான்கு வயதிலேயே அண்ணன் குழுவோடு சேர்ந்துவிட்டார். வீட்டு ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்று அம்மா பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பினார் என்று இளையராஜாவே சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை. ஆக, எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் குருவிடம், பிறகுதான். காது மட்டும் பண்ணைப்புரத்திலேயே தயாராகிவிட்டது. எல்லா வீட்டிலும் ஒரு ராஜா வருவார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்ணத்தோடு குழந்தையை உட்கார வைத்தால் குழந்தை ஓடிவிடும். வீட்டில் நடக்கக் கூடியது எது, குருவிடம் நடக்க வேண்டியது எது என்பதைத்தான் சொல்கிறேன்.

எனக்கும் காது ஒரு இடத்தில் கொஞ்சம் கிடைத்திருந்தது. வாயை மூடியபோது அதை மறந்துவிட்டேன். என் அம்மா இந்த ஊரில் ஏலக்காய் பொறுக்கப் போனவர். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சலித்த காயைக் குவித்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து, காம்பு, தூசு, கறுத்த காய், வெடித்த காய் எல்லாவற்றையும் விரலால் ஒதுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் திண்ணையில்தான் எனக்கு இடம். ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கை நிற்காது, பாட்டும் நிற்காது. புதிதாக வந்த பெண்ணுக்கு யாரும் பாடம் நடத்திப் பார்த்ததில்லை, பாட்டுக்கும் இல்லை, காய்க்கும் இல்லை. கை தேர்ந்த ஒரு அக்கா பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பத்து நாளில் விரலுக்கே தெரிந்துவிடும்.

ஹங்கேரியில் கோடாய் என்ற இசை அறிஞர், குழந்தைகளுக்கு முதலில் அவரவர் தாய்மொழியின் நாட்டுப்பாட்டைப் பாடக் கொடுங்கள், வாத்தியமும் எழுத்தும் பிறகு என்றார். அதைப் படித்த அன்று, அம்மாவின் பாட்டுகளில் எனக்கு நினைவிருப்பதை எழுதிப் பார்த்தேன். நாலு கூடத் தேறவில்லை. அம்மா இருந்தபோது கேட்டு எழுதியிருக்கலாம். என் மனைவிக்குத் தாலாட்டு இரண்டு, கும்மி ஒன்று தெரிந்திருந்தது. இப்போது எங்கள் பாடம் அதில்தான் தொடங்குகிறது, சரளி வரிசையில் இல்லை. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பலரும் நடைமுறையைக் கேட்டீர்கள். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், காலையும் மாலையும். ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிக்க வேண்டாம். முதலில் ஐந்து நிமிஷம் தம்புராவோடு ஸ ப ஸ மட்டும். பிறகு ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் முதல் காலம், இரண்டு என்றால் இரண்டாம் காலம், நான்கு என்றால் மூன்றாம் காலம். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. எங்கள் கணக்குப் பாடமும் இதிலேயே முடிந்துவிடுகிறது! ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பாடப் பாடத் தாளம் தன்னால் வேகமாகும், கூட்டு வட்டி மாதிரி. ஆரம்பித்த வேகத்திலேயே முடிக்கிறோமா என்று ஒருவர் தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் அந்த வேலை எனக்கு.

தினமும் ஒரு நிமிஷம் பதிந்து, அன்றைக்கே மூவரும் கேட்போம். வங்கியில் அன்றன்று மாலை கணக்கு நேர் செய்வோம். அன்றைய வித்தியாசத்தை அன்றே தேடினால் அரை மணி நேரத்தில் கிடைக்கும். பத்து நாள் கழித்துத் தேடினால் லெட்ஜர் முழுக்கப் புரட்ட வேண்டும். பிசகாகப் பழகிய ஸ்வரமும் அப்படித்தான். ஆனால் "தப்பு" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். பதிவைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்போம். அவளே சொல்வாள்.

மாதம் ஒரு தடவை தேனி டீச்சரம்மாவிடம் போகிறோம். அதை நான் ஆடிட் என்றுதான் சொல்வேன். நாமே கணக்கு எழுதி, நாமே சரி என்று கையெழுத்துப் போட முடியாது. கமகம் வரும் இடத்தில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அது புத்தகத்தில் இருக்கிற சமாச்சாரம் இல்லை. கீதம் ஆரம்பித்ததும் மாதம் ஒன்று போதாது, வாரம் ஒன்று வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஜனவரியிலிருந்து வாரா வாரம். குழந்தையை முழுக்கவும் குருவிடம் ஒப்படைக்கும் நாள் வரும்போது நாங்கள் நகர்ந்து கொள்ள வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டில் படிக்கும் குழந்தைக்குப் பரீட்சை உண்டா என்று ஏ பிளாக் அம்மா கேட்டார். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதில் கர்நாடக இசையும் ஒரு பாடம். மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்ற வகுப்புகளையும் விசாரித்துப் பாருங்கள். எங்கள் பேத்தி பரீட்சை எழுதுவாளா என்று தெரியாது. இந்த வாரம் குளிக்கும்போது மறுபடி பாடினாள். கும்மிப் பாட்டு, அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

எங்கள் நேரம் மாலை ஆறரையிலிருந்து ஆறே முக்கால். சத்தம் தொந்தரவாக இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், வந்து கதவைத் தட்டுங்கள். வரும்போது உங்கள் குழந்தையையும் கூட்டி வாருங்கள். பாய் பெரியதுதான்.