மழைக்காலமும் போர் வீல் கெப் வண்டியும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே மாதம் பிறந்தால் செப்டெம்பர் வரை நமது மலைப்பக்கம் மழைதான். கொழுந்து மூட்டையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் ஒரே கெப் வண்டியில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. "போர் வீல் இருக்கு, பயமில்லை" என்கிறார் சாரதி. நாமும் நம்பி ஏறுகிறோம்.

போர் வீல் என்பது இழுக்கும் பலம். இஞ்சின் பலம் நான்கு சக்கரங்களுக்கும் போவதால் சேற்றில் ஏற்றம் ஏறலாம். ஆனால், பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஆகவே போர் வீல் போட்டதால் வண்டி சீக்கிரம் நிற்காது. நிறுத்துவது டயரின் பிடிப்புத்தான்.

பெரும்பாலான கெப் வண்டிகளில் போர் வீல் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள தார் ரோட்டு வளைவில் அப்படி ஓடினால் ஸ்டியரிங் இறுகும், கியர்பெட்டி பழுதாகும். சேற்று ரோட்டில் போடுங்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். செங்குத்தான சேற்று இறக்கத்தில் 'லோ' போட்டு, இஞ்சின் பிடியிலேயே மெல்ல இறங்குங்கள்.

தேய்ந்த டயரை மாற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அந்த டயரோடு வண்டியை எடுக்கச் சொன்னால், சாரதி தனியாக நின்று வாதாட வேண்டாம். கமிட்டித் தலைவரிடம் சொல்லட்டும். நாம் சேர்ந்து கேட்போம்.

நாமும் ஒன்றை விடவேண்டும். மூட்டைமேல் ஏறிப் போகும் பழக்கத்தை விடுவோம். நடந்தால் அரை மணித்தியாலம் பிந்தும். பிந்தினாலும் லயத்துக்கு வந்து சேருவோம்.